ஆம் என்று அழுத்தியவர்கள்

அக்கா மகள் அந்த உதவியை என்னிடம் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. முதலில் குத்தியது அந்தக் காரணம்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். படிவம் இரண்டோடு சரி. பொந்தியானில் அன்னாசித் தோட்டம், பிறகு இறால் குளம், பண்டார் தெங்காராவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி, சிங்கப்பூரில் கட்டடம் கழுவும் வேலை, மறுபடியும் லாரி என்று எங்கும் ஒட்டாமல் சுற்றினேன். இப்போது தம்போயில் அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். பகலில் ஒரு பட்டறையில் லாரி டயர் மாற்றுகிறேன். இப்படிப்பட்ட மாமனுக்குத்தான் அப்படிப்பட்ட ஆட்களைத் தெரியும் என்று அவள் நினைத்திருக்கிறாள். தப்பாக நினைக்கவில்லை.

அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கிறாள். பல நாடுகளில் ஒரே கேள்விகளைப் பல மொழிகளில் கேட்கும் ஆய்வு அது. சில காளான்கள், சில மாத்திரைகள் போன்று, சாப்பிட்டால் கண்ணுக்கு இல்லாதது தெரிந்து, மனம் வேறு மாதிரி ஆகிவிடும் பொருள்களைப் பற்றியது. இந்தப் பேச்சை வீட்டில் அக்கா காதுபடப் பேச முடியாது. ஆகவே பட்டறைக்கு வந்து, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில டாக்டர் பக்கத்துல உக்காந்துகிட்டு குடுக்கறத பத்தி நெறைய எழுதிட்டாங்க மாமா. வெளியில மக்கள் அவங்களாவே சாப்பிடறாங்கல்ல, அங்க என்னா நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. இது அதத்தான் கேக்குது.”

கைப்பேசியிலேயே பதில் எழுதலாம். பெயர் வேண்டாம், அடையாள அட்டை எண் வேண்டாம், எந்தப் போலீசும் பார்க்காது. ஆனால் தமிழில் பதில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. போதுமான பதில் வராவிட்டால் அறிக்கையிலிருந்து தமிழை எடுத்துவிடுவார்கள். தமிழையும் சேர்க்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவளே அவள்தான். “உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா அனுப்புங்க மாமா” என்றாள். “நீங்க” என்று கேட்கவில்லை. அந்த மரியாதை என் கழுத்தில் மாலை மாதிரி கிடந்தது. அதைக் கழற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தது. நான் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்து, முதலில் நானே அதை எழுதினேன். நான் மெதுவாகப் படிக்கிறவன். முதல் பக்கத்தில் இருந்த நீண்ட ஒப்புதலையும் ஒரு வரி விடாமல் படித்தேன். பிறகு கேள்விகள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, யாருடன், எதற்காக, பின்னால் நன்மை இருந்ததா, தீமை இருந்ததா. கடைசியில் ஒரு வெற்றுப் பெட்டி. அந்த அனுபவத்தில் மிகக் கடினமாக இருந்ததை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள் என்று இருந்தது.

எழுதினேன். செம்பனைக் காட்டில் புல்லைத் தின்ன மாடு விடுவார்கள். நல்ல மழைக்குப் பிறகு வெயில் அடித்தால் சாணியில் காளான் முளைக்கும். என்னோடு குலை ஏற்றியவன் இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவன். அதைப் பறித்து மீ நூடுல்ஸ் கொதிக்கும் சட்டியில் போடுவான். ஊரில் தெரிந்த பழக்கம் என்று சொன்னான். நான் எதையும் தேடி அதைச் சாப்பிடவில்லை. லாரி பழுதாகி நின்ற ஒரு நாள், சும்மா இருக்கப் பிடிக்காமல் சாப்பிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. மட்டைகள் மூச்சு விடுவது போல் மேலும் கீழும் அசைந்தன. பிறகு பயம். குவித்து வைத்திருந்த குலைகளெல்லாம் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆட்களாகத் தெரிந்தன. அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று ஓடினேன். கால்சட்டையிலேயே வெளிக்குப் போய்விட்டேன். அம்மா அம்மா என்று கத்தினேனாம். அவன் என்னைப் பிடித்து லாரி கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய், துணியை உருவி, தண்ணீர்க் குழாயைப் பிடித்து, குழந்தையைக் கழுவுவதுபோல் கழுவி, தன் கைலியை என் இடுப்பில் சுற்றிவிட்டான். தெளிகிற வரைக்கும் என் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் ஒன்றும் நடக்காதது மாதிரி குலை ஏற்றினான். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு லாரிக்கு மாறிக்கொண்டேன்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் வாந்தி எடுத்து முடித்தவன் போல வயிறு காலியாகி, லேசாக இருந்தது.

அடுத்தது மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். பண்டார் தெங்காரா லாரிக்காரர்களின் பழைய வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இன்னும் இருந்தேன். அங்கே காளான் தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆனால் என் பெயருக்குக் கீழே ‘போதைக் காளான்’ என்று எழுதக் கை போகவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். ஆகவே இப்படி எழுதினேன்: “தமிழ் மக்களுக்கான ஆய்வு. தமிழில் நிரப்பி அனுப்பவும். பெயர் எழுத வேண்டாம்.” பக்கத்தில் கும்பிடும் கையையும் போட்டேன். புரிய வேண்டியவனுக்குப் புரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குழுவில் வருவதை நான் படித்தே பல காலம் ஆகிவிட்டது; நடந்தது பிறகுதான் தெரிந்தது. ஆண்கள் புதுக் கைப்பேசி வாங்கிப் பழையதை மனைவிமார்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எண் மாறவில்லை, ஆள் மாறிவிட்டது. அது கோவில் திருவிழாவும் சாவுச் செய்தியும் ரசப்பொடிக் கணக்கும் ஓடும் பெண்கள் குழுவாகி இருந்தது.

நம் ஆட்களுக்குக் கட்டம் போட்டுக் கேள்வி கேட்டு ஒன்று வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பந்துவான். அரசாங்கம் கொடுக்கும் உதவித் தொகை. அதை எப்படி நிரப்ப வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று எழுதக்கூடாது. இல்லை என்று அழுத்தக்கூடாது. இல்லை என்றால் தகுதி இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ‘தமிழ் மக்களுக்கான’ என்ற என் இரண்டு சொற்கள் போதுமானதாக இருந்தன. நான் எழுதியது அடுத்த குழுவுக்குப் போகும்போது ‘இந்தியர்களுக்கான உதவி’ என்று ஆகி, அதற்கடுத்த குழுவில் ‘சீக்கிரம், நாளையோடு முடிகிறது’ என்ற வாலும் முளைத்து, குளாய், பொந்தியான் என்று சுற்றி, இரண்டு மூன்று நாளில் நான் இருக்கும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். பட்டறையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கோவில் குழுவில் ஒருத்தி அனுப்பியிருக்கிறாள், எல்லாரும் போட்டுவிட்டார்களாம், நாமும் போடுவோம் என்றாள். மூக்குக்கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் சட்டையில் துடைத்துக் கொடுத்தேன்.

முதல் பக்கத்து ஒப்புதலை அவள் படிக்கவில்லை. விரலால் ஒரே தள்ளு, ‘சம்மதம்’.

“காளான் சாப்பிட்டதுண்டான்னு கேக்கறான். ஆமாதானே?”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதென்ன எழுத்தெழுத்தா போட்டிருக்கு, எல்.எஸ்.டி. மருந்தா?”

“தெரியலக்கா.”

“தெரியலன்னா ஆமான்னே போட்டுடறேன். இல்லன்னு போட்டா தள்ளிடுவான்லா.”

அவள் ஒவ்வொன்றாக ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே போனாள். கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கி மூடிவிட்டால் முடிந்தது. ஆனால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பின்னால் என் கதை முழுக்க நின்றது. நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். கடைசிப் பெட்டிக்கு வந்ததும், கஷ்டத்தை எழுதச் சொல்கிறான் பார், நல்ல மனுசன்தான் என்று சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்து வெகுநேரம் எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை.

அந்த வாரக் கடைசியில் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வந்தவுடன் குளிக்கப் போகிறவள், பையோடு மேசையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள்.

தமிழ்ப் பதில்கள் திடீரென்று குவிந்தபோது முதலில் துள்ளிக் குதித்தாளாம். பிறகு படித்துப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட்டிருக்கிறார்கள். வயதைக் கேட்ட இடத்தில் பாட்டி வயது. எத்தனை முறை என்று கேட்டால் இருப்பதில் ஆக அதிகமானது. கடைசிப் பெட்டியில் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் எழுதி, எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். எண் எழுதிய பதில்களையெல்லாம் முதல் வேலையாக அழித்துவிட்டார்களாம்.

“அழிக்கறதுக்கு முன்னால படிச்சேன் மாமா” என்றாள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் கால் எடுத்தாகிவிட்டது என்று ஒருத்தர். பிறந்தது இங்கேதான், இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசிதான் என்று ஒருத்தர். மகன் உள்ளே இருக்கிறான், பார்க்கப் போக பஸ் இல்லை என்று ஒருத்தர். கணவன் செத்த பிறகு இந்த வீட்டில் எவனும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை என்று ஒருத்தர். இதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அது அவள் அம்மா எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. அத்தானுக்குக் காரியம் முடிந்ததிலிருந்து அந்த வீட்டில் தினமும் அக்கா போடும் சோற்றைச் சாப்பிடுகிற ஆண்பிள்ளை நான்தான்.

பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். இதை யாரோ பந்துவான் என்று பரப்பிவிட்டார்கள். எந்த நாளில், எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தால், அதற்கு முன்னால் வந்ததையாவது காப்பாற்றலாம். தெரியாவிட்டால் தமிழ் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

“முன்னால வந்ததுல கொஞ்சம் நெசமா இருக்கு. ஒருத்தர் லாரி கழுவற எடத்துல நடந்தத எழுதியிருக்காரு. பொய்யா அப்படி எழுத முடியாது. நீங்க யாருக்கு அனுப்பினீங்க மாமா? ஏதாச்சும் எழுதி அனுப்பினீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான்தான், இப்படி எழுதினேன் என்று சொன்னால் போதும். கைப்பேசி என் சட்டைப் பையில் இருந்தது. திறந்து காட்டினால் நேரம்கூடத் தெரியும். ஆனால் ஏன் விஷயத்தை மறைத்து எழுதினீர்கள் என்று கேட்பாள். லாரி கழுவும் இடத்தில் நிர்வாணமாக நின்றவன் யார் என்பதும் சேர்ந்தே வெளியே வரும்.

“சும்மா ரெண்டு பேருக்கு லிங்க்க மட்டும் அனுப்பினேன்மா” என்றேன்.

அவள் நம்பினாள். சரி மாமா, பரவாயில்லை, உங்களைப் போய்த் தொல்லை பண்ணிட்டேன் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சில நாள் கழித்துப் பண்டார் தெங்காராவிலிருந்து அழைப்பு வந்தது. பழைய லாரி ஓட்டுநரின் மனைவி. அந்தக் குழுவை இப்போது நடத்துகிறவர் அவர்தான். “தம்பி, நீ அனுப்பினதுதானே, காசு எப்ப ஏறும்? பேங்குல போயி புத்தகத்த போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஏறல” என்றார். அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன்.

மோட்டார் சைக்கிளில் போனேன். குளாய் தாண்டியதும் இருபக்கமும் செம்பனை. சாலையோரத்தில் மாடுகள் நின்றன. அந்த ஊர்க் கோவிலில் அன்னதானம் முடிந்து பெண்கள் பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் வந்திருப்பது தெரிந்து கையைத் துடைத்துக்கொண்டு கூடினார்கள். எனக்குத் தட்டில் சோறு வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சொல்வதா, சொல்லிவிட்டுச் சாப்பிடுவதா என்று தெரியாமல் தட்டைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டே சொன்னேன். பந்துவான் இல்லை. காசு எதுவும் வராது.



“அப்ப என்னாதான் கேட்டிருக்கான் அதுல?” என்றார் ஓட்டுநரின் மனைவி.

“மாட்டுச் சாணியில மொளைக்குமே ஒரு காளான், சாப்பிட்டா மண்டைக்கு ஏறும். அந்த மாதிரி சாமான யாரு யாரு சாப்பிடறாங்கன்னு.”

சட்டி கழுவிய தண்ணீர் வாய்க்காலில் ஓடுவது கேட்டது. ஒரு பெண் மெதுவாக, “நான் எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டேன்” என்றாள். இன்னொருத்தி, ஐசி நம்பரும் எழுதினேனே என்றாள். தூணோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் ஏற்கெனவே ஒருத்தன் அந்தப் போதைக் கேஸில்தான் உள்ளே இருக்கிறான், இப்போது நானும் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மகனைப் பார்க்கப் போக பஸ் இல்லை என்று எழுதியவள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

நம்பர் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டார்கள், என் அக்கா மகள் அங்கேதான் வேலை செய்கிறாள், யாரும் வரமாட்டார்கள் என்றேன்.

“ஒனக்கு எப்படிடா தெரியும் வரமாட்டாங்கன்னு?” அவ்வளவு நேரம் தம்பி என்ற ஓட்டுநரின் மனைவிதான் அப்படிக் கேட்டார்.

அழுகிறவளை நிறுத்த என்னிடம் வேறு எதுவும் இல்லை.

“நானும் ஆமான்னுதான் போட்டேன். நான் போட்டது நெசம். இங்கயே, இந்தக் காட்டுலயே சாப்பிட்டிருக்கேன். நெசமா சாப்பிட்ட என்னையே யாரும் தேடி வரல. உங்கள யாரு தேடுவாங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சோற்றுத் தட்டு கையில் கனத்தது. அழுதவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அப்போது பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்:

“அப்ப ஒனக்கு மட்டும் காசு வருமா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு மற்றவர்களும். தூணோரத்தில் இருந்தவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஓட்டுநரின் மனைவியும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த தட்டைக் காட்டி, சாப்பிட்டுட்டுப் போ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டி கழுவப் போனார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அக்காவும் மகளும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கைப்பேசி நடுவில் கிடந்தது. எனக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

இருந்தாலும் சொன்னேன். எந்த நாள், எந்த நேரம், என்ன எழுதினேன் என்று கைப்பேசியைத் திறந்து காட்டினேன். அக்கா மகள் அந்தக் கும்பிடும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“போன வாரம் கேட்டேனே மாமா.”

“ஆமா.”

“வெள்ளிக்கிழமை தூக்கிட்டாங்க. அறிக்கையில தமிழ் இருக்காது.”

அவள் திட்டவில்லை. லாரி கழுவும் இடத்தைப் பற்றி எழுதியது நீங்களா என்று கேட்கவுமில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. கைப்பேசியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். போகும்போது, “அத நான் திரும்பத் திரும்பப் படிச்சேன், யாரோ ஒருத்தர்னு நெனச்சுகிட்டு” என்றாள்.

அக்கா காளானைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சாணியில் முளைத்ததைத் தின்றவனே என்று ஏசுவாள், அறையைக் காலி பண்ணு என்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“அன்னிக்கு நான் ஆமா ஆமான்னு அழுத்தறப்ப, பக்கத்துல உக்காந்து இத தொடச்சிக் குடுத்தியேடா.”

கடைசிப் பெட்டியில் அவள் எழுதியது எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கலாம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் அதைக் கேட்டால், படித்துவிட்டேன் என்று சொன்னதாகிவிடும். பின்னறைக்குப் போய்விட்டேன்.

இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறேன். அக்கா வழக்கம்போல் சோறு போடுகிறாள். இப்போதெல்லாம் நான் கேட்கிறேன், நீ சாப்பிட்டியாக்கா என்று. ஆச்சு என்கிறாள், சில நாள் ஆகாமலே. கோவில் குழுவில் கட்டம் போட்டு ஏதாவது வந்தால் என்னிடம் கொண்டு வருவதில்லை. வாசல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, தானே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல், எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிக்கிறாள். பின்னறை வரைக்கும் கேட்கும். தெரியாத சொல் வந்தால் நின்றுவிடுகிறாள். எனக்குத் தெரிந்த சொல்லாக இருந்தாலும், அவள் என்னைக் கேட்பதில்லை.